நாக்குப் பரீட்சை

மனித குலத்தின் ஆரோக்கியம் குறித்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு ஒன்று, ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் வெளியானது. வெளியிட்டவர் வங்கி மேலாளர். கேட்டவர்கள் அவர் மனைவியும் மகளும்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள இயற்கை விவசாயக் காய்தான் நுழையணும். மருந்தடிச்ச காய் நாக்குல பட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும்!"

"தெரியுமாக்கும்!" என்றாள் மனைவி. "ரெண்டு கேரட் தர்றேன், எது இயற்கைன்னு கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம். தோத்தா, நான் வாங்கறதை வாயைத் திறக்காம சாப்பிடணும்."

"ஜெயிச்சா?"

"வாங்கறது, சமைக்கறது எல்லாம் உங்க ராஜ்ஜியம். நான் அடுப்படிப் பக்கமே வரமாட்டேன்."

மேலாளரின் மீசை துடித்தது. துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

மனைவி நீட்டிய முதல் கேரட்டைக் கடித்து முகம் சுளித்தார். "த்தூ! வெறும் உரம், மருந்து!"

இரண்டாவதைக் கடித்தவர் சொக்கிப்போனார். "ஆஹா! மண் வாசனை மூக்கைத் துளைக்குது. இதுதான் இயற்கை!"

கட்டை அவிழ்த்தபோது மனைவியின் முகம் தொங்கிப்போயிருந்தது. "உங்க நாக்கை ஏமாத்த முடியுமா? ஜெயிச்சிட்டீங்க" என்று பெருமூச்சுவிட்டு, கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

மதியம், கண்ணும் மூக்கும் ஒழுக மேலாளர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மகள் கேட்பது காதில் விழுந்தது.

"நிஜமாவே அப்பா சரியாத்தான் சொன்னாராம்மா?"

"ரெண்டுமே தெருமுனை வண்டியில வாங்கினதுடி. ஒண்ணை மட்டும் நான் கழுவலை."