கட்சிக்காரரின் நினைவுகள்

தீர்ப்பு வரும்வரை கட்சிக்காரரின் நினைவுகளை வக்கீல் தன் தலைக்குள் சுமக்க வேண்டும் என்பது சட்டம். பூங்கோதை சுமந்தது, மனைவியைச் சந்தேகப்பட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்ற தணிகாசலத்தின் நினைவுகளை.

மூன்றாம் வாரம், அவள் கணவன் நன்மாறன் போனில் சிரித்துப் பேசினான். அவளுக்குள் சந்தேகம் மூண்டது.

"யாரு அவ?"

"ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணு. நீ இப்படியெல்லாம் கேக்க மாட்டியே?"

அவன் குளிக்கப் போனதும் போனைத் துருவினாள். ஒன்றும் இல்லை. அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது அவள் கண்கள் அவன் கழுத்திலேயே நின்றன.

மறுநாள் ஜாமீன் மனு விசாரணை. "இவரை வெளியே விட்டா யாருக்காவது ஆபத்து உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"கட்சிக்காரர் மனசுல இருக்கறதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லைங்க ஐயா," என்றாள் பூங்கோதை. "ஆனா இன்னிக்குக் காலையில என் வீட்டுக்காரரை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

மனு தள்ளுபடியானது.