வியாழக்கிழமை மட்டும்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் எத்தெல்வினாவுக்குப் பயம். நகராட்சி அலுவலகப் படியில் நின்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தது.

உள்ளே இரண்டு இன்ஜினியர்கள். ஒருத்தி யதீரா, ஹிடால்கோ மாநிலம், இந்தப் பக்கத்துப் பெண். இன்னொருவர் ஒர்தூன்யா, மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலம்.

"உட்காருங்க, தோன்யா எத்தெல்வினா," என்றாள் யதீரா, பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

ஒர்தூன்யா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "உங்க மொட்டை மாடியில இருக்கிற ஓசோன் அளக்கிற மெஷினை யாரோ ஏமாத்துறாங்க!"

"குவாதலூப்பே மாதா சத்தியமா, நான் அதைத் தொட்டதே இல்லைங்க!"

இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டிருந்தன. நாளைக்கு எந்த ஊர்க் காற்றில் மூச்சைக் கெடுக்கும் ஓசோன் ஏறும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லும். ஏறினால் மலைக்கு இரண்டு பக்கமும் சூளைகளை அணைக்க வேண்டும், பிள்ளைகளை வெயிலில் விளையாட விடக் கூடாது. காற்று எல்லைக்கோடு பார்த்தா வீசுகிறது? அதனால் இவர் மெஷினை அவர் சரிபார்ப்பது, அவர் மெஷினை இவர் சரிபார்ப்பது என்று ஒப்பந்தம். எத்தெல்வினா வீட்டு மெஷினைப் பார்க்க வியாழன்தோறும் வருகிறவர் இந்த ஒர்தூன்யாதான்.

"வியாழக்கிழமை ஏறும்னு கம்ப்யூட்டர் சொல்லுது. உங்க மெஷின் மட்டும் மத்தியானம் ஆனா தொபுக்கடீர்னு விழுது. அதுவும் நான் வர்ற நாளாப் பார்த்து! உங்க மகன் செங்கல் சூளைதானே வச்சிருக்கான்?"

"ஆமா, வச்சிருக்கான்..."

"அப்புறமென்ன? சூளையை அணைக்காம இருக்க நல்ல வழி! இந்த மெஷினை நம்பி எங்க மாநிலம் கையெழுத்துப் போடாது. இன்னைக்கே போலீசுக்குப் போறேன். அரசாங்க மெஷினைக் கெடுத்தா ஜெயில், தெரியுமில்ல?"



"அவங்களைப் பேச விடுங்க," என்றாள் யதீரா. "வியாழக்கிழமை என்ன நடக்குது, தோன்யா? காலையிலிருந்து சொல்லுங்க."

"காலையில சோளம் அரைக்கப் போனேன்... இல்ல, அது புதன்கிழமை. வியாழன் துணி துவைச்சேன். மாடியிலதான் காயப்போட்டேன். ஈரம் மெஷினுக்கு ஆகலையோ என்னமோ..."

"துணியால ஒண்ணும் ஆகாது. அப்புறம்?"

"மெஷின் பக்கத்துல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன். சின்னதுதாங்க."

ஒர்தூன்யா மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா! ஒத்துக்கிட்டாங்க! எதுக்கு ஏத்துனீங்க?"

"நீங்க கோபப்படாம நல்லபடியா திரும்பிப் போகணும்னுதாங்க."

யதீரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மெழுகுவர்த்தியாலயும் ஆகாது. அப்புறம்?"

"அப்புறம் இவரு வந்தாரு. மேல ஏறி மெஷினைச் சரிபார்த்தாரு. அது நிதானத்துக்கு வர நேரமாகுமாமே, அதுவரைக்கும் கீழ வண்டியில உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டாரு. ஒரு தூக்கமும் போட்டாரு. வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டே நிக்கும், ஏசிக்காக. புகை பூரா எங்க சுவரோட ஏறி மாடிக்கு வரும். துணியெல்லாம் நாறிப்போயி மறுபடி துவைச்சேன். இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்... தப்பா சொல்லிட்டேனா?"

யதீரா மெதுவாக ஒர்தூன்யா பக்கம் திரும்பினாள்.

"எஞ்சினை அணைக்கிறதில்லையா, இன்ஜினியர்?"

"வெயில்..." என்றார் ஒர்தூன்யா.

"எந்த வாரமும்?"

அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

யதீரா எத்தெல்வினாவிடம் சொன்னாள்: "வண்டிப் புகை தூரமாப் போயி, வெயில்ல வெந்துதான் ஓசோன் ஆகும். ஆனா அப்பத்தான் வர்ற சூட்டுப் புகை இருக்கே, அது பக்கத்துல இருக்கிற ஓசோனையே தின்னுடும். மெஷினுக்குக் கீழயே வண்டி ஓடிக்கிட்டு நின்னா எண் விழாம என்ன பண்ணும்?"

"அப்ப... நான் இல்லையா?"

"நீங்க இல்ல, தோன்யா. கம்ப்யூட்டரும் தப்பில்ல, மெஷினும் தப்பில்ல."

அதுவரை தான் நின்றுகொண்டே இருந்தது எத்தெல்வினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுடுங்க, சென்யோரா," என்று முனகினார் ஒர்தூன்யா.

பயம் போனதும் எத்தெல்வினாவுக்கு வாய் வந்துவிட்டது. "நல்லாயிருக்கு நியாயம்! சொந்த வண்டிப் புகை கண்ணுக்குத் தெரியல, ஊரான் வீட்டு மெழுகுவர்த்தி தெரியுது! எஞ்சினை அணைச்சா கை தேஞ்சா போயிடும்? மத்தவங்க மூச்சு விடுற காத்தாச்சேன்னு ஒரு நெனப்பு வேண்டாம்?"

ஒர்தூன்யா தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ராணி மாதிரி வாசலைத் தாண்டும்போது யதீரா பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு, தோன்யா. ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் விழுது. அன்னைக்கும் அங்க யாராவது வண்டி நிறுத்துறாங்களா?"

"ஞாயித்துக்கிழமையா? யாரு வரப்போறா? பூசைக்குப் போறதோட சரி."

இந்தத் தடவை அவள் தடுமாறவே இல்லை.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், சிமென்ட் ஊற்றி இறுகிப்போன பெயிண்ட் பக்கெட் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரோரம் நிறுத்தினாள். அந்தத் தெருவில் பக்கெட் நின்றால் அந்த இடத்தில் யாரும் வண்டி விடமாட்டார்கள்.

மறுநாள் மகன் ஃபிதென்சியோ வழக்கம்போல ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்குச் செங்கல் லாரியில் வந்தான். அணைத்தால் மறுபடி கிளம்பாத லாரி. தெரு முனைக்கே ஓடிப்போய் மறித்தாள்.

"கண்ணு, லாரியைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு நடந்து வா."

"ஏம்மா?" என்று தெருவே கேட்கக் கத்தினான் அவன். "எல்லா ஞாயித்துக்கிழமையும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நம்ம சுவரோரம்தானே ஓடவிட்டு..."

எத்தெல்வினா லாரிப் படியில் தாவி ஏறி அவன் வாயைப் பொத்தினாள்.