பூட்டாத திரை

ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவந்த எழுத்தருக்கு, நாற்காலியை இழுக்கும்போதே பகீரென்றது.

கணினித் திரை திறந்தே கிடந்தது.

இரண்டு விசையைத் தட்டிப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும். பதினோரு வருடத்தில் அவள் ஒருநாளும் மறந்ததில்லை. இன்று வராந்தாவில் யாரோ மயங்கி விழுந்த சத்தம் கேட்டு, போட்டது போட்டபடி ஓடிவிட்டாள்.

நான்கு நிமிடம்கூட இருக்காது.

திரையில், சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல். மதியம் ஒன்று வந்து சேருகிறது. இன்னும் சற்று நேரத்தில் பெரிய டாக்டர் வந்து முதல் பெயரைக் கேட்பார்.

காலையில் முதல் பெயர் ஒரு தையல்காரருடையது. மூன்று வருடமாகக் காத்திருப்பவர். நேற்றுகூட அவர் மனைவி ஜன்னலோரம் வந்து, ஒன்றும் கேட்காமல், சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

இப்போது தையல்காரர் இரண்டாவது. ஏழாவது பெயர் முதலிடத்துக்கு ஏறியிருந்தது.

மாற்றியவர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.

அறையில் இருந்தது அவளும் பக்கத்து மேஜைத் தோழியும்தான். தோழி தலை நிமிராமல், ஒரே தாளில் மூன்றாவது முறையாக முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

“யாரும் பாக்கல,” என்றாள் தோழி, தாளைப் பார்த்தபடியே. “நீ தொடாத. அப்படியே விட்டுடு.”

அவள் தொட்டாள்.

ஒருமுறை மாற்றியதைத் திரும்ப மாற்றக் கணினி கடவுச்சொல் கேட்கும். அடித்தாள். தவறு.

வராந்தாவில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது.

மறுபடி அடித்தாள். அவசரத்தில் அதுவும் தவறு.

மூன்றாவதும் தவறினால் கணக்கு முடங்கிவிடும். நாளைவரை பட்டியலை யாராலும் அசைக்க முடியாது. விரல் வழுக்கிவிட்டது என்று சொன்னால் போதும். உலகத்தில் ஒருவரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. முத்திரைச் சத்தமும் நின்றுவிட்டது.

ஒவ்வொரு எழுத்தாக, பார்த்துப் பார்த்து அடித்தாள்.

திறந்தது. ஏழாவதை ஏழுக்கே இறக்கினாள். காரணம் என்ற கட்டத்தில், ‘திரையைப் பூட்டாமல் போனேன், தவறு என்னுடையது’ என்று எழுதினாள்.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். தையல்காரரின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

தோழி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் எழுந்து, திரையைப் பூட்டிவிட்டு, ஆறுதலாகத் தோழியின் தோளைத் தொட்டாள்.

மேஜைத் தொலைபேசி மணியடித்தது. மேல்மாடி வார்டிலிருந்து.

“அக்கா, அம்மா கேக்கச் சொன்னாங்க. இன்னிக்கு ஒரு கிட்னி வருதாமே? நம்ம நம்பர் ஏதாவது நகந்துச்சா?”

அவள் பூட்டிய திரையை ஒருமுறை பார்த்தாள்.

“இல்லடா தம்பி. அதே ஏழுதான்.”