திருப்பியும் சிக்கு

“தம்பி, ரீவிக்குப் பின்னால திருப்பியும் எல்லா வயரும் சிக்குப்பட்டுப் போச்சடா. ஒருக்கா வாவன்.”

மதியமாகியும் திரைச்சீலை விலக்காத அறையில், சுலக்ஷன் கண்ணை மூடியபடியே போனைக் காதில் வைத்திருந்தான். “போன கிழமைதானே அக்கா வந்து கட்டித் தந்தனான்?”

“எனக்கு உதெல்லாம் விளங்குதே? இன்ரநெற்றும் நிண்டுபோச்சு. துஷானிக்குப் பள்ளிக்கூட வேலை கிடக்கு.”

“அத்தானைச் செய்யச் சொல்லுங்கோ.”

“அவர் தொட்டா இருக்கிறதும் போயிடும். நீயே வா.”

அலுப்பாக இருந்தது. கதிரையில் கிடந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, டோர்ட்மண்டில் ரயிலேறி, அக்கா இருந்த பக்கத்து ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனுக்குப் போனான். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

சுலோஜனா அக்காவின் வீட்டில் மற்றதெல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. செருப்புகள் சோடி சோடியாக, கறித்தூள் போத்தல்கள் உயர வரிசையில். ரீவிப் பெட்டிக்குப் பின்னால் மட்டும் வயர்களால் ஒரு குருவிக்கூடு.

“எப்பிடித்தான் இப்பிடிச் செய்யிறியளோ!” என்று முணுமுணுத்தபடி நிலத்தில் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு வயராகக் கழற்றிச் சிக்கெடுத்தான். நீளமானவற்றை மடித்து ஒட்டுப்பட்டியால் இறுக்கி, எது எதற்குரியது என்று எழுதி ஒட்டினான். துஷானி வந்து மாமாவின் முதுகில் சாய்ந்துகொண்டு பள்ளிக்கூடக் கதை சொன்னாள். ஓரிடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை முடிந்தபோது மேசையில் புட்டும் நண்டுக் குழம்பும் இருந்தன.

“இன்னும் கொஞ்சம் போடவே?”

“போடுங்கோ.”

அவனோடு வாழ்ந்த மிதுசா அவனை விட்டுப் பிரிந்து லைப்சிக்குக்குப் போனதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

“இனி ஒருத்தரும் அந்த வயரைத் தொடப்படாது. அடுத்த கிழமை கூப்பிட்டா வரமாட்டன், சொல்லிப்போட்டன்,” என்றபடி படியிறங்கினான்.

அவன் தெருமுனையில் மறையும்வரை சுலோஜனா ஜன்னலடியில் நின்றாள். பிறகு ரீவிக்குப் பின்னால் குனிந்தாள். பட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, வயர்களை இரண்டு கையாலும் அள்ளிப் பிசையத் தொடங்கினாள்.

சோபாவில் படுத்திருந்த அவளுடைய கணவன் யதுசன் எழும்பி உட்கார்ந்தான். “சுலோ, உனக்கென்ன விசரே? பெடியன் இவ்வளவு நேரம் குந்தியிருந்து கட்டினது!”

அவள் கையை நிறுத்தவில்லை.

“பேசாம இருங்கோப்பா. எனக்கு ஏலாதெண்டு சொன்னாத்தான் அவன் வீட்டை விட்டு வெளிக்கிடுறான்.”