நண்பர் உறங்குகிறார்

'சிவப்புக் கண் சிமிட்டினால் நீங்கள் பிடிபட்டீர்கள்' என்று வாசித்துவிட்டு, புனிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெகதீசன் சிரிக்கவில்லை.

கடலையைத் தோண்டப் பன்றி வருவதைப் பார்க்க மல்லாட்டைக் கொல்லையில் கட்டியிருந்த கேமரா, இப்போது கூடத்து மேசையில் அவன் முன்னால் கிடந்தது. சிம் போட்ட கேமரா. அதன் கையேட்டை யாரோ, எந்த ஊரிலோ, எந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் மனைவியை வாசிக்கச் சொன்னான். கேமராவை விற்கப் போவதாகவும், அதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும் என்றும் மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தாயிற்று. அந்தப் புத்தகத்தையெல்லாம் யார் சார் படிக்கிறாங்க என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். கருவியை வெறும் கையால் தடவக் கூடாதாம், விலங்குக்கு மனம் வருந்துமாம். கிழக்கே பார்த்துக் கட்டக் கூடாதாம், சூரியன் பொய் சொல்லுமாம். இதை எழுதினவனை ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிப் போய் வேப்பிலை அடிக்க வேண்டும் என்றாள்.

அவன் காது அங்கே இல்லை. அது அந்த விடியற்காலையில் இருந்தது.

பன்றிக்காக வரப்போரம் இழுத்த கம்பி. மோட்டார் கொட்டகையிலிருந்து யாருக்கும் தெரியாமல் அதற்குக் கொடுத்த கரண்ட். மழை வரும்போல இருக்கிறது, இன்றைக்குக் கம்பி வேண்டாம் என்று காவலுக்கு இருந்த கண்ணையனிடம் சொல்லியிருந்தான். மழை வரவில்லை. கரண்ட் கொடுத்தான். சொல்ல மறந்தான்.

இருட்டில் பன்றி விரட்ட ஓடிய கண்ணையன், கம்பியின் மேலேயே கிடந்தான்.

ஜெகதீசன் கரண்டை நிறுத்தினான். கம்பியைச் சுருட்டினான். கண்ணையனின் அக்குளில் கை கொடுத்து, வரப்பு வழியாக ஏரிக்கரை வரைக்கும் இழுத்துப் போனான்.

விடிந்ததும் நெஞ்சுவலி என்று ஊர் சொன்னது. கணுக்காலில் இருந்த கருகலைச் சேற்றுப்புண் என்றார்கள்.

இழுத்துப் போகும்போதுதான் மரத்தில் கேமரா இருப்பது ஞாபகம் வந்தது. அன்றைக்கே மெமரி கார்டை அடுப்பில் போட்டான். அதோடு ஒழிந்தது என்றிருந்தான்.

இன்றைக்குப் பெட்டியில் வைக்க எடுத்தபோது, அதன் சின்னத் திரையில் ஒரு வரி நின்றது.

'நண்பரிடம் சொல்லியாயிற்று. நண்பர் உறங்குகிறார்.'

புனிதா பக்கத்தைப் புரட்டினாள். அவன் தேடிய இடம் அங்கே இருந்தது.

'கருவி தான் பார்த்ததை நண்பரிடம் சொல்லும். நண்பர் உறங்கினால், சொன்னது வாசலில் காத்திருக்கும். கருவியைக் கொன்றாலும் சொன்னது சாகாது.'

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நண்பர்னா படம் போய்ச் சேர்ற நம்பருங்க. வாட்ஸ்அப்புல ஒரே டிக்கு நிக்குமே, அதாட்டம். அந்தப் போனை எப்ப ஆன் பண்றாங்களோ, அப்ப எல்லாம் வந்து விழும். நீங்க யாரு நம்பரைக் குடுத்தீங்க?"



கடையில் நம்பர் கேட்டபோது, பன்றி வந்தால் ஓட வேண்டியவன் கண்ணையன்தானே, நம் தூக்கம் ஏன் கெடணும் என்று ஜெகதீசன் அவன் நம்பரைத்தான் சொல்லியிருந்தான். படம் தெரிய வேண்டுமே என்று தன் பழைய டச் போனையும் அவனுக்கே கொடுத்திருந்தான்.

அந்த விடியற்காலையில் அது கண்ணையனின் சட்டைப்பையில், சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. ஜெகதீசனே எடுத்துப் பார்த்தான். போன் எங்கே என்று யாராவது கேட்பார்களே என்று திரும்பப் பையிலேயே வைத்தான்.

 சார்ஜர் ஞாபகம் வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

அந்தப் போனுக்கு இப்போதைய சார்ஜர் எதுவும் சேராது. அதற்கென்று இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் இந்த வீட்டில், டிவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கண்ணையன் இங்கே வந்துதான் சார்ஜ் போட்டுக்கொள்வான்.

இன்றைக்குக் கண்ணையனுக்குக் கருமாதி. கொஞ்சம் கழித்துப் படையலுக்குப் போய், அவன் மனைவி லட்சுமியம்மாளிடம், அந்தப் பழசைக் கொடு, புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் போதும். கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்துவிடுவாள்.

நிமிர்ந்து ஆணியைப் பார்த்தான்.

அவன் பார்வை போன இடத்தைப் புனிதாவும் பார்த்தாள். கையேட்டை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

"அந்த சார்ஜரா? லட்சுமியம்மா காலையிலயே வந்து வாங்கிக்கினு போச்சு. அவரு பேசின போனாம், படையல்ல உயிரோட வெக்கணுமாம்."

தெருக்கோடியில், கண்ணையன் வீட்டில், அதுவரை முழங்கிக்கொண்டிருந்த பம்பை, பாட்டின் நடுவில் நின்றது.