காற்றுக்கு நேரே

மணக்குடிப் பாலத்தின் நடுவில், வலப்பக்கக் கடலிலிருந்து எழும் ஆடிக்காற்று யூஜினின் சைக்கிளை ஓங்கி அறைகிறது. தினமும் வேலைக்குப் போகும் சைக்கிள்தான். சக்கரங்கள் மட்டும் புதியவை. ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லும்படி சைக்கிள்கடை யாசிர் மாட்டிக் கொடுத்தவை. எதிர்க்காற்றைக் கிழிக்கும் என்ற அந்த நாலுவிரல் அகலக் கறுப்பு விளிம்பு, பக்கக்காற்றைப் பாய்மரம்போல வாங்குகிறது. இருபது வருடம் வள்ளம் ஓட்டிய கைகள், யோசிக்காமல், வள்ளத்தின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்புவதுபோல ஹேண்டில்பாரைக் கடலைப் பார்த்துத் திருப்புகின்றன. எதிரே மீன்லாரி. ஹார்ன் அலறுகிறது. லாரித் தகரம் தோளை நூலிழையில் தாண்டிப்போக, ஐஸ் தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த யாசிர் கத்துகிறான். “யூஜின் அண்ணே! லாரிக்க நேரா எதுக்கு திருப்புனிய?” யூஜின் காலூன்றி நிற்கிறான். “பழைய வீலையே மாட்டு மக்கா.” சொல்லிவிட்டுக் குனிந்து பார்க்கிறான். நின்ற பிறகும் கைகள் இறுக்கம் விடவில்லை. முன்சக்கரம் கடலைப் பார்த்தபடியே இருக்கிறது.