ரிப்பன் வெட்டிய பிறகு

அன்னூர் சந்தைத் திடலில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான வெள்ளைப் பேருந்து வெயிலில் பளபளத்து நிற்கிறது. எம்.எல்.ஏ. மோகனப்பிரியா தேர்தலின்போது வாக்குக் கொடுத்த வண்டி. ரிப்பன் வெட்டியாயிற்று, ஏறத்தான் ஆளில்லை. புங்கமர நிழலில் பெண்கள் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்க்கிறார்கள். "ஏனுங்க அம்மணி, உள்ள போனா தாலியக் கழட்டோணுமாமுங்களே? எங்க ஊட்டுக்காரரு நல்லா இருக்கறப்ப எப்பிடீங்க கழட்டறது?" என்று அவர்களில் ஒருத்தியான துளசிமணி எம்.எல்.ஏ.விடம் கேட்டேவிடுகிறாள். மோகனப்பிரியா, பேச எழுதிவந்த தாளை மடித்து உதவியாளரிடம் நீட்டிவிட்டு, செருப்பைப் படியருகே விட்டு ஏறுகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. ஜெனரேட்டர் மட்டும் உறுமுகிறது. யாரும் மோரைக் குடிக்கவில்லை. கதவு மறுபடி திறக்கும்போது அவர் முகம் வெளிறியிருக்கிறது. "கொஞ்சம் வலிக்குதுங்க, அவ்வளவுதானுங்க" என்றபடி இறங்கி, செருப்பை மாட்டிக்கொள்ளத் திரும்புகிறார். முதுகில், சேலைக்கு மேல், தாலிக்கொடி தொங்குகிறது. கழற்றவில்லை, பின்னால் தள்ளிப்போட்டதை முன்னால் இழுத்துவிடத்தான் மறந்திருக்கிறார். துளசிமணி டம்ளரைக் கீழே வைக்கிறாள். தன் கொடியையும் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, வண்டியை நோக்கி நடக்கிறாள்.